ஊர் சுற்ற ஒரு சின்னக் கைக்கடிகாரம்: மணிக்கட்டை அளப்பதிலிருந்து செல் மாற்றுவது வரை

பயணத்துக்குக் கட்டுகிற கைக்கடிகாரம் இன்னொரு காவல் வேலையாக ஆகிவிடக் கூடாது. என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் விதி. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நெரிசலில் ஏறும்போது கம்பியில் உரசிவிட்டதா, மழையில் நனைகிறதா, லாட்ஜ் பாத்ரூமில் கழற்றி வைத்துவிட்டு வந்தோமா என்று மனசு அதன் பின்னாலேயே ஓடினால், எவ்வளவு அழகான கடிகாரமாக இருந்தாலும் அது பயணத்துக்கு ஆகாது. தொலைந்தால் ஒரு நாள் வருத்தத்தோடு போகிற விலை, முழுக்கைச் சட்டைக்குள் அடங்குகிற அளவு, எந்த ஊரிலும் கிடைக்கிற செல் (பேட்டரி), வீட்டிலும் அதையே தினமும் கட்டிக்கொள்ளும்படியான தோற்றம். இவ்வளவும் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

போன் இருக்கும்போது கடிகாரம் எதற்கு என்று கேட்பவர்கள் ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒருமுறை போய்ப் பார்க்கலாம். 40 கொண்டை ஊசி வளைவு. ஒரு கை கம்பியில், இன்னொரு கை பையில். பாக்கெட்டிலிருந்து போனை எடுக்கக் கை ஏது? பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறினால் 27 வளைவு. அங்கே புலிகள் காப்பகத்துக்காக இரவு நேரத்தில் வாகனத் தடை இருக்கிறது. செக்போஸ்ட்டை உரிய நேரத்துக்குள் தாண்டியாக வேண்டும். வெள்ளியங்கிரிக்கு நள்ளிரவில் ஏழு மலை ஏறுகிறவர்களுக்கு போன் சார்ஜ் டார்ச் வெளிச்சத்துக்கே சரியாகப் போய்விடும். கையில் ஒரு கடிகாரம் இருந்தால் கையைத் திருப்பினால் போதும்.

1. முதலில் மணிக்கட்டை அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போய் ஆசைப்பட்டதைக் கட்டிப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டிலேயே செய்ய வேண்டியது இது. தையல் டேப் இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நூலைச் சுற்றி, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். மணிக்கட்டு எலும்புக்குக் கொஞ்சம் மேலே, கடிகாரம் உட்காரும் இடத்தில் அளக்க வேண்டும். அப்புறம் இன்னொரு அளவும் வேண்டும்: கையைக் கவிழ்த்து வைத்தால் மேல்பக்கம் தட்டையாகத் தெரிகிற இடம் குறுக்கே எத்தனை மில்லிமீட்டர் என்பது. பெரும்பாலும் இதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் கடிகாரம் பொருந்துவதும் பொருந்தாததும் இதில்தான் இருக்கிறது.

கடிகாரத்தின் அளவு என்று விளம்பரத்தில் போடுவது டயல் பெட்டியின் குறுக்களவு. பட்டை கோக்கும் கொம்புகள் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும். மேல் கொம்பு நுனியிலிருந்து கீழ்க் கொம்பு நுனி வரை எவ்வளவு என்பதை எப்படியாவது தெரிந்துகொள்ளுங்கள். அந்த நீளம் உங்கள் மணிக்கட்டின் தட்டையான இடத்துக்குள் அடங்கினால் கடிகாரம் கையோடு ஒட்டி உட்காரும். அதைத் தாண்டினால் கொம்புகள் வெளியே துருத்தி நிற்கும், பை மாட்டும்போதெல்லாம் இடிக்கும்.

சுற்றளவு 16 சென்டிமீட்டர் ஒட்டி இருந்தால் 34 முதல் 38 மில்லிமீட்டர் வரை உள்ள டயல் போதும். இப்போது கடைக் கண்ணாடிக்குள் அதிகம் தெரிவது 42, 44 என்று பெரிய பெரிய டயல்கள். அவற்றைப் பார்த்துவிட்டு 36 சின்னப்பிள்ளை கடிகாரம் போலத் தோன்றும். வீட்டில் அப்பாவோ தாத்தாவோ கட்டிய ஹெச்எம்டி இருந்தால் எடுத்து அளந்து பாருங்கள். அந்தக் காலத்து ஆண்கள் கடிகாரம் பெரும்பாலும் 35 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அதைக் கட்டிக்கொண்டுதான் அவர்கள் ஆபீஸுக்கும் கல்யாணத்துக்கும் போனார்கள், யாருக்கும் சின்னதாகத் தெரியவில்லை.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் ஒரு அட்டையில் அதே அளவுக்கு வட்டம் வெட்டி, கொம்பின் நீளத்தையும் சேர்த்து வெட்டி, மணிக்கட்டில் செலோடேப் போட்டு ஒட்டிக் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். படத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். தடிமன் 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் முழுக்கைச் சட்டைப் பட்டனைப் போட முடியும்.

2. உள்ளே ஓடுவது எது?

குவார்ட்ஸ். செல் போட்டு ஓடுவது. பயணத்துக்கு இதைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும், அதை வைத்து நொடியைக் கணக்கிடுகிறது. சாதாரண குவார்ட்ஸ் மாதத்துக்குப் பதினைந்து இருபது நொடிதான் முன்பின் போகும். சாவி கொடுக்கும் கடிகாரம் அந்த அளவுக்கு ஒரே நாளில் தவறலாம். கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் என்றால் கழற்றி வைத்த ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். மறுபடி கட்டும்போது மணியும் தேதியும் வைக்க வேண்டும்.

ஹெச்எம்டி 1961-ல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு தொடங்கிய கடிகாரத் தயாரிப்பு இப்போது பழைய அளவில் இல்லை. தாத்தாவின் ஹெச்எம்டி ஜனதா கடிகாரம் ஓடுகிறது என்றால் சந்தோஷமாகக் கட்டுங்கள், ஆனால் உள்ளூரில். பாகத்துக்கும் கைதேர்ந்த ஆளுக்கும் அலைய வேண்டியிருக்கிற பொருளைப் பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. கோயம்புத்தூரில் மோட்டார், பம்ப் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். வலுவான காந்தத்துக்குப் பக்கத்தில் போனால் முள் வைத்த குவார்ட்ஸ் கடிகாரம் நின்று நின்று ஓடும், விலகினால் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும், ஆனால் இடையில் நின்ற நேரம் நின்றதுதான். சாவிக் கடிகாரத்தில் உள்ளிருக்கும் மயிரிழைச் சுருளே காந்தமேறி வேகமாக ஓடத் தொடங்கும். டிஜிட்டலில் ஓடும் முள் எதுவும் இல்லாததால் இந்தத் தொல்லை கிடையாது. ஒர்க்‌ஷாப்பில் வேலை என்றால் டிஜிட்டலே எடுங்கள்.

3. தண்ணீர்

பின்மூடியில் போட்டிருப்பதைப் படியுங்கள். 30 மீட்டர் அல்லது 3 ஏடிஎம் (நீர் அழுத்தத்தைச் சொல்லும் அளவு) என்றால் முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை; கை கழுவலாம், மழைத் தூறல் தாங்கும், அவ்வளவுதான். 50 மீட்டர் இருந்தால் குளிக்கும்போது மறந்துபோனாலும் பயமில்லை. கொடிவேரி, பவானி கூடுதுறை என்று தண்ணீரைக் கண்டால் இறங்குகிற ஆளாக இருந்தால் 100 மீட்டர் வாங்குங்கள். எந்த அளவாக இருந்தாலும் தண்ணீருக்குள் பட்டனை அமுக்கவோ சாவியை (மணி வைக்கும் திருகை) இழுக்கவோ கூடாது. வெந்நீர் வேண்டவே வேண்டாம். உள்ளிருக்கும் ரப்பர் வளையம் கெட்டுவிடும்.

4. இருட்டில் மணி தெரிய வேண்டும்

நீலகிரி எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் படுத்திருக்கிறீர்கள், விளக்கை அணைத்துவிட்டார்கள், ஈரோடு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். முள்ளில் பூசிய பச்சைப் பூச்சு, விலை குறைந்த கடிகாரங்களில், படுத்து ஒரு மணி நேரத்தில் மங்கிவிடும். பட்டனை அமுக்கினால் டயல் முழுக்க ஒளிரும் வகை நல்லது. ஓரத்தில் ஒரு குட்டி விளக்கு மட்டும் எரியும் வகையில் பாதி எண் தெரியும், பாதி ஊகம்தான். கடைக்காரரைக் கேட்டு, இரு கைகளையும் குவித்து உள்ளே இருட்டாக்கி, அமுக்கிப் பாருங்கள்.

5. வெளிநாட்டு நேரம்: அரைமணிச் சிக்கல்

ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் திருப்பூர் மெர்ச்சண்டைசருக்கு, துணி வாங்கும் லண்டன் பையர் ஆபீஸுக்கு வந்துவிட்டாரா என்று தெரிய வேண்டும். கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கோ சிங்கப்பூருக்கோ நேராக விமானம் ஏறுகிறவருக்கு வீட்டில் என்ன மணி என்று தெரிய வேண்டும். நம் நேரம் கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. அந்த அரை மணிதான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். துபாயும் ஷார்ஜாவும் நமக்கு ஒன்றரை மணி பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி முன்னால். கத்தார், குவைத், சவுதி இரண்டரை மணி பின்னால்.

வெளிநாட்டு நேரம் காட்டக் கூடுதலாக ஒரு முள் வைத்த விலை உயர்ந்த கடிகாரங்களில் அந்த முள் ஒவ்வொரு மணியாகத்தான் தாவும். நிமிட முள் ஒன்றே ஒன்று. அதனால் நம் ஊர்க்காரர் எந்த நாட்டை வைத்தாலும் பெரும்பாலும் அரை மணியை மனசுக்குள் கூட்டியோ கழித்தோ ஆக வேண்டும். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியும் கணக்குப் போடுவது நாமேதான். ஊர் ஊராக நேரம் காட்டும் டிஜிட்டல் கடிகாரம் அரை மணியையும் சேர்த்தே காட்டிவிடும், விலையும் அதில் ஒரு துளி.

லண்டனோடு மட்டும் வேலை என்றால் அதுவும் தேவையில்லை. சாதாரண முள் கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாலே லண்டன் நேரம் தெரிந்துவிடும். நம் நேரம் மதியம் 3 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் சின்ன முள் 9 இருக்க வேண்டிய இடத்திலும் பெரிய முள் 6 இருக்க வேண்டிய இடத்திலும் நிற்கும். 9.30. லண்டனில் அப்போது காலை 9.30தான். சின்ன முள் மட்டும் எப்போதும் அரை மணி பின்தங்கித் தெரியும். அதனால் பெரிய முள் வலப்பாதியில் இருந்தால் சின்ன முள் தொடப்போகும் அடுத்த எண்ணை எடுங்கள். இடப்பாதியில் இருந்தால் ஏற்கெனவே தொட்ட எண்ணையே எடுங்கள். நம் 3.40-க்குத் திருப்பினால் சின்ன முள் 9-க்கும் 10-க்கும் நடுவில், பெரிய முள் 10-வது நிமிடத்தில். அடுத்த எண் 10. ஆக 10.10. இரண்டு மூன்று நாள் பழகினால் கழற்றாமலே கண்ணுக்குப் பிடிபடும்.

இது குளிர்காலக் கணக்கு. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பார்கள், அப்போது ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து பையர் என்றால் எப்போதும் பிரிட்டனைவிட ஒரு மணி கூடுதல். இந்த வசதிக்காக எண் எழுதாமல் கோடு மட்டும் போட்ட டயலாகப் பாருங்கள். எண் இருந்தால் திருப்பும்போது கண்ணைக் குழப்பும்.

6. பட்டை

கடிகாரத்தைவிடப் பட்டைதான் முதலில் கெடும். நம் ஊர் வெயிலில் தோல் பட்டை ஒரு கோடையைத் தாங்குவதே பெரிது. வியர்வை ஊறி உள்பக்கம் கறுத்து, நாற்றம் பிடித்துவிடும். செயின் நன்றாக இருக்கும், ஆனால் கையில் முடி இழுக்கும், வெயிலில் கை வீங்கினால் இறுகும். பயணத்துக்கு நைலான் பட்டையோ ரப்பர், ரெசின் பட்டையோதான் சரி. நைலானை ராத்திரி சோப்புப் போட்டு அலசித் தொங்கவிட்டால் காலையில் காய்ந்திருக்கும்.

நீளமாக ஒரே துண்டாக வரும் நேட்டோ பட்டை என்று ஒன்று உண்டு. 1973-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக அளவு குறித்த பட்டையின் வழிவந்தது. கடிகாரத்தின் அடியில் நுழைந்து, பட்டையைக் கொம்புகளில் பிடிக்கும் இரண்டு ஸ்பிரிங் பின்களையும் கடந்து போவதால், ஒரு பின் தெறித்துப் போனாலும் கடிகாரம் கீழே விழாது, இன்னொரு பின்னில் தொங்கும். பஸ் கூட்டத்தில் இதைவிட நல்ல காப்பு இல்லை. அடியில் துணி போவதால் கொஞ்சம் தடிமன் கூடும், அதனால் ஒல்லியான கடிகாரத்துக்கு மட்டும் போடுங்கள்.

வாங்கும்போது கொம்புகளுக்கு இடையே உள்ள அகலத்தைப் பாருங்கள். 18 அல்லது 20 மில்லிமீட்டர் என்றால் எந்த ஊரிலும் பட்டை கிடைக்கும். 19, 21 என்று வந்தாலோ, கம்பெனியே தனி வடிவத்தில் செய்த பட்டை என்றாலோ பின்னால் அலைய வேண்டிவரும். மாற்றுவது சுலபம்: மெல்லிய நுனியுள்ள கருவியைக் கொம்புக்கும் பட்டைக்கும் நடுவே விட்டு, ஸ்பிரிங் பின்னின் தோளை உள்ளே அழுத்தினால் வெளியே வந்துவிடும். ஒரு துண்டை விரித்து அதன் மேல் வைத்துச் செய்யுங்கள். பின் தெறித்தால் தரையில் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

7. சரி, எதை வாங்கலாம்?

காசியோ எஃப்-91டபிள்யூ. 1989-ல் வந்தது, இன்னும் வருகிறது. எடை 21 கிராம், தடிமன் 8.5 மில்லிமீட்டர், செல் சுமார் ஏழு வருஷம். அலாரம், ஸ்டாப்வாட்ச், தேதி எல்லாம் உண்டு. விலை ஆயிரத்துச் சொச்சம். விளக்கு மட்டும் சுமார்தான். வருஷம் வைக்க வழியில்லாததால் பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள்தான் தெரியும். லீப் வருஷத்தில், அடுத்து 2028-ல், தேதியை நீங்களே சரிசெய்ய வேண்டும். முதல் பயணக் கடிகாரம் என்று யார் கேட்டாலும் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

விளக்கு நன்றாக வேண்டும் என்றால் அதே காசியோவின் ஏ168. டயல் முழுக்க ஒளிரும், செயின் வைத்தது, சட்டை பேண்ட்டுக்கும் பொருந்தும்.

வெளிநாட்டு நேரம் முக்கியம் என்றால் காசியோ ஏஈ-1200. 48 ஊர்களின் நேரம், ஐந்து அலாரம், 100 மீட்டர் தண்ணீர்த் தாங்கல், பத்து வருஷச் செல். ஆனால் 42 மில்லிமீட்டர் அகலம், 12.5 தடிமன். சின்னது என்று சொல்ல முடியாது. எடை குறைவு என்பதால் கையில் உறுத்தாது. ஒல்லி மணிக்கட்டுக்காரர்கள் மேலே சொன்ன அட்டையை வெட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கோடைக்கால நேரத்தை அது தானாக மாற்றாது, நாம்தான் அந்த ஊருக்குத் தட்டிவிட வேண்டும்.

முள் கடிகாரம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு. காசியோ எம்க்யூ-24: 20 கிராம், 7.8 மில்லிமீட்டர் தடிமன், கையில் கட்டியதே தெரியாது. விளக்கும் கிடையாது, தேதியும் கிடையாது. இன்னொன்று டைட்டனின் சொனாட்டா. டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, ஆலை ஓசூரில். கடையும் சர்வீஸும் ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருப்பது இதன் பெரிய பலம்.

8. கடையில்

ஒப்பணக்கார வீதி, கிராஸ்கட் ரோடு, ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் என்று எங்கே வாங்கினாலும் பில்லும், கடை முத்திரை போட்ட வாரண்டி அட்டையும் கையில் வாங்காமல் படி இறங்காதீர்கள். எஃப்-91டபிள்யூவுக்குப் போலிகள் குவிந்து கிடக்கின்றன. வலப்பக்கப் பட்டனை மூன்று நொடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால் திரையில் காசியோ என்று பெயர் வரும் என்பது பழைய சோதனை. இப்போது போலிகளிலும் அது வருகிறது. அதனால் விலையைப் பாருங்கள். முந்நூறு ரூபாய்க்கு அசல் வராது.

முள் கடிகாரம் என்றால் பெரிய முள்ளை 12-க்குக் கொண்டுபோய், சின்ன முள் ஏதாவது ஒரு மணிக்கோட்டில் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். சாவியை இழுத்து உள்ளே தள்ளும்போது இறுக்கமாக உட்கார வேண்டும். தேதி வைத்துப் பார்க்கும்போது இரவு 9 மணிக்கும் காலை 4 மணிக்கும் இடையில் முள் இருந்தால் முதலில் அதை நகர்த்திவிடுங்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தைப் பற்கள் பிடித்திருக்கும், திருகினால் உடையக்கூடும்.

9. செல் மாற்றுதல்

நொடி முள் ஒவ்வொரு நொடியாக நகராமல் சில நொடிகளுக்கு ஒருமுறை தாவினால், செல் தீரப்போகிறது என்று கடிகாரமே சொல்கிறது என்று பொருள். பல மாடல்களில் இந்த ஏற்பாடு உண்டு. பயணத்துக்கு முன்னால் இதைக் கண்டால் உடனே மாற்றிவிடுங்கள்.

ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் ஒரு சின்ன ரிப்பேர் கடை. ஒரு ஆள் உட்காரும் இடம், கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டைகள், கண்ணில் லென்ஸ் வைத்த பெரியவர். பின்மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்துவிட்டுக் கேட்டார்:

“ரெண்டு செல்லு இருக்குதுங்க. சாதாவும் இருக்குது, கம்பெனிச் செல்லும் இருக்குது. எதுங்க போடட்டும்?”

“கம்பெனிதே போட்டுருங்கண்ணா.”

“நல்லதுங்க. சாதா ஒழுகுச்சுன்னா மெசினே போயிருமுங்க.”

அவர் சொன்னது முழு உண்மை. எம்க்யூ-24 போன்ற முள் கடிகாரங்களுக்கு வருவது எஸ்ஆர்626எஸ்டபிள்யூ, 377 என்றும் சொல்வார்கள். அது சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட்டைக் கடைசி வரை ஒரே சீராகக் கொடுக்கும். அதே அளவில் எல்ஆர்626 என்று வருவது அல்கலைன். விலை குறைவு, ஆனால் வோல்ட் மெல்ல மெல்ல இறங்கும், தீர்ந்த பிறகு கசியும் வாய்ப்பும் அதிகம். எஃப்-91டபிள்யூவுக்கு சிஆர்2016. செல்லை உங்கள் கண் முன்னால் அட்டையைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். மூடியைப் போடுவதற்கு முன் ரப்பர் வளையம் அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது பிசகினால் தண்ணீர்த் தாங்கல் என்று எழுதியிருப்பதெல்லாம் வீண். 100 மீட்டர் கடிகாரத்தை மட்டும் அழுத்தச் சோதனை செய்யும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

10. கிளம்புவதற்கு முந்தின நாள்

போன் நேரத்தைப் பார்த்து நொடி வரை சரிசெய்யுங்கள். கிளம்புகிற அன்று அவசரத்தில் தொடாதீர்கள். அலாரத்தை ஒருமுறை ஒலிக்கவிட்டுப் பாருங்கள். மின்விசிறி ஓடும் அறையில் எஃப்-91டபிள்யூவின் சத்தம் ஆழ்ந்து தூங்குகிறவரை எழுப்பாது, அதிகாலை ரயில் என்றால் போனிலும் வையுங்கள். மணிக்கொருமுறை அடிக்கும் பீப்பை நிறுத்திவிடுங்கள். பெர்த்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் பாவம்.

வெளிநாடு என்றால் விமானத்தில் உட்கார்ந்ததும் முள்ளை இறங்கப்போகும் ஊர் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். உள்நாட்டில் இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் மட்டும், அதில் ஏறிய பிறகு மாற்றுங்கள். ஸ்பிரிங் பின் ஒரு ஜோடி பத்து, இருபது ரூபாய்தான். வாங்கி, ஒரு துண்டு செலோடேப்பில் ஒட்டிப் பர்ஸில் போட்டுவையுங்கள்.